பை ஒழுகியதற்குக் காரணம் பழைய அட்டை

சிறுகுடலை வயிற்றில் ஒரு திறப்பு வழியாக வெளியே கொண்டுவந்து, கழிவைப் பையில் சேர்க்கும் இலியாஸ்டமி அறுவை முடிந்து ஏழாவது வாரம். அதுவரை மூன்று நாள் தாங்கிய பை, ஒரே நாளில் ஒழுக ஆரம்பித்தது. ஸ்டோமா எனப்படும் அந்தத் திறப்பைச் சுற்றித் தோல் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது.

வேறு கம்பெனிப் பை வாங்கிப் பார்த்தேன். பெல்ட்டை இறுக்கினேன். ஓரங்களில் பிளாஸ்டர் ஒட்டினேன். எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியதுதான் பெரிய தவறு; எண்ணெய்ப் பசை இருந்தால், பையைத் தோலில் பிடித்து வைக்கும் தட்டு ஒட்டாது. இப்படியே 11 நாள் போயிற்று.

கழற்றிய தட்டைத் திருப்பிப் பார்த்த ஸ்டோமா நர்ஸ், "ஓட்டை என்ன அளவுக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டார். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த அளவு அட்டையை வைத்து 40 மி.மீ. வெட்டுவதாகச் சொன்னேன். அவர் அளந்தால் ஸ்டோமா 29 மி.மீ.தான்! முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து அது சுருங்குமாம். மிச்ச இடத்தில் தோல் திறந்து கிடந்திருக்கிறது. சிறுகுடல் கழிவில் உள்ள செரிமான நொதிகள் தோலை அரிக்கும். அரிபட்ட தோலில் நீர் கசியும். ஈரத்தில் தட்டு பிடிக்காது.

இப்போது 32 மி.மீ. வெட்டுகிறேன். தோலை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத பவுடரைத் தட்டிவிடுகிறேன். ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் கழிவு குறைவாக இருக்கும்.

ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றது. பை மறுபடி மூன்று நாள் தாங்குகிறது. பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.