போர் விமான சிமுலேட்டரில் வழி தவற வைக்கும் தவறுகள்

மல்டிபிளேயரில் புதிதாகச் சேர்கிறவர்களோடு பறந்தால் ஒன்று கண்ணில் படும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வழி தவறுகிறார்கள், பழைய ஆட்கள் தவறிய அதே இடங்களில். டாக்கனை (நிலையத்தின் திசையும் தூரமும் சொல்லும் ரேடியோ கருவி) ஆன் செய்யாமலே முள் நகரவில்லை என்று புலம்புவது, நேவிகேஷன் மோடுக்கு மாறாமல் பாதையில் குறித்த அடுத்த புள்ளியான வேபாயின்ட்டைத் தேடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு மூன்று முறை பறந்தால் தானே போய்விடும். தானே போகாதவை சில இருக்கின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் டிசிஎஸ் என்ற சிமுலேட்டரிலிருந்து.

அலைன்மென்ட் முடியும் முன்பே டாக்ஸி

எஃப்-16ல் ஐஎன்எஸ் (விமானத்தின் நகர்வை அளந்தே இருப்பிடம் சொல்லும் கருவி) தன் இடத்தையும் திசையையும் கண்டுகொள்வதுதான் அலைன்மென்ட். முழு அலைன்மென்ட்டுக்கு எட்டு நிமிடம் போல ஆகும். முன்பே சேமித்த திசையை வைத்துச் செய்யும் ஸ்டோர்டு ஹெடிங் என்றால் ஒன்றரை நிமிடம். அதுவரை டாக்ஸி (தரையில் விமானத்தை ஓட்டுவது) கூடாது, சக்கரமே உருளக் கூடாது.

வரைபடத்தின் வடக்கு வேறு, காந்த வடக்கு வேறு

வரைபடத்தில் கோடு போட்டு அளக்கும் கோணம் மெய் வடக்கிலிருந்து. காக்பிட்டில் திசை காட்டும் கருவியான எச்எஸ்ஐ காட்டுவது காந்த வடக்கிலிருந்து. காகசஸ் வரைபடத்தில் வித்தியாசம் சுமார் 6 டிகிரி கிழக்கு. அளந்த கோணத்திலிருந்து அதைக் கழித்தால்தான் காக்பிட்டில் பிடிக்க வேண்டிய ஹெடிங் கிடைக்கும். 60 கடல் மைல் பறந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு கடல் மைல் விலகுவோம். கழிக்க மறந்தால் 6 கடல் மைல் வலப்பக்கம் போய் நிற்போம். மேகத்துக்கு மேலே பறக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

விநாடியைத் தசமமாக அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். தவறு செய்கிறவர் மீது இல்லை. அடித்தது தவறு என்று காக்பிட்டில் எதுவுமே காட்டிக்கொடுக்காது, அதனால்தான்.

டிசிஎஸ் வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பல வடிவங்களில் காட்டும். ஒன்று டிகிரி, நிமிடம், விநாடி. இன்னொன்று டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். எஃப்-16 ஏற்பது இரண்டாவதை. இலக்கின் அட்சரேகை 41 டிகிரி 36 நிமிடம் 36 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 36 விநாடி என்பது 0.6 நிமிடம். ஆகவே அடிக்க வேண்டியது 36.600. புதியவர் அடிப்பது 36.360. வித்தியாசம் 0.24 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். இலக்கு 444 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. தீர்க்கரேகையிலும் இதே தவறு நடந்திருக்கும், அது தனிக் கணக்கு.

ஒரு மிஷனில் கூட வந்தவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். டேங்கரில் எரிபொருள் நிரப்பியதுகூட முதல் முயற்சியிலேயே. தரையிலிருந்து வாசித்த எண்களை ஸ்டியர்பாயின்ட்டில் (எஃப்-16ல் வேபாயின்ட்டுக்குப் பெயர்) அடித்து, ஜிபிஎஸ் வழிகாட்டும் ஜேடாம் குண்டைப் போட்டார். அது வெறும் வயலில் விழுந்தது. ஐஎன்எஸ் கெட்டுவிட்டது என்று திரும்பி வந்து, தரையிறங்கி, முழு அலைன்மென்ட் செய்து, மறுபடி போனார். மறுபடி அதே வயல், ஏறக்குறைய அதே குழி. சிமுலேட்டரில் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்! ஐஎன்எஸ் விலகியிருந்தால் இரண்டு முறையும் ஒரே இடத்திலா விழும்? எண்ணே தப்பாக இருந்தால்தான் அவ்வளவு ஒழுங்காகத் தப்பும்.

இன்னொரு துப்பும் உண்டு. இப்படி அடித்த எண் எப்போதும் உண்மையானதைவிடக் குறைவாகவே வரும். ஆகவே காகசஸ், சிரியா, பாரசீக வளைகுடா போல வட அட்சமும் கிழக்குத் தீர்க்கமும் உள்ள வரைபடங்களில் குண்டு இலக்குக்குத் தென்மேற்கே விழும். விநாடி 5 ஆக இருந்தால் பிழை 60 மீட்டர் சொச்சம், 55 ஆக இருந்தால் 700 மீட்டருக்கு அருகில். சில நாள் கிட்டத்தட்ட சரியாக விழுவதும், சில நாள் ஊருக்கு வெளியே விழுவதும் இதனால்தான். அந்தக் கிட்டத்தட்ட சரியான நாட்கள்தான் ஆளை ஏமாற்றுகின்றன.

தவிர்ப்பது கடினமில்லை. எஃப்10 விசையில் வரும் வரைபடத்தில் இடது ஆல்ட்டோடு ஒய் விசையை அழுத்தினால் வடிவம் மாறிக்கொண்டே வரும். உங்கள் விமானம் எதை ஏற்கிறதோ அதில் நிறுத்துங்கள். கிளம்பும் முன் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணை வரைபடத்திலும் காக்பிட்டிலும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரேடியோவில் எண் வந்தால் ‘விநாடியா, தசமமா?’ என்று கேட்காமல் எழுதாதீர்கள். கடைசிப் பகுதி 59ஐத் தாண்டினால் அது விநாடியாக இருக்க முடியாது. எஃப்/ஏ-18ல் இரண்டு வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். வசதிதான், ஆனால் கடைசியாக எதில் விட்டோம் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

உயரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மலை மேல் இருக்கும் இலக்குக்கு உயரம் பூஜ்யம் என்று விட்டால், குண்டு பூமிக்கு அடியில் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சாய்வாக வரும், வழியிலேயே தரையில் மோதிவிடும். வரைபடம் மீட்டரில் காட்டினால் 500 மீட்டரை 1640 அடியாக மாற்றித்தான் எஃப்-16ல் அடிக்க வேண்டும்.

டாக்கன் தூரம்

டாக்கன் காட்டுவது சாய்தூரம், அதாவது விமானத்திலிருந்து நிலையத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். 30,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே பறந்தாலும் 5 கடல் மைல் என்றே காட்டும்.

விங்மேனோடு டாக்கன்

கூடப் பறக்கும் விங்மேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் டாக்கனில் பார்க்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே சேனல் வைத்தால் தூரம் வராது. 63 இடைவெளி வேண்டும்: ஒருவர் 31 என்றால் மற்றவர் 94. சேனல் எண்ணோடு வரும் எக்ஸ் அல்லது ஒய் எழுத்து மட்டும் இருவருக்கும் ஒன்றே.

ரேடார் ஆல்டிமீட்டர்

தரையிலிருந்து உள்ள உயரத்தை ரேடியோ அலையால் அளக்கும் இது நேர் கீழே மட்டும்தான் பார்க்கும். எதிரே மலை இருந்தால் அது சொல்லாது.

பழைய விமானங்களில் கைரோ

பி-51, ஸ்பிட்ஃபயர் போன்றவற்றில் சுழலும் சக்கரத்தால் திசை காட்டும் டைரக்‌ஷனல் கைரோவுக்கு வடக்கு எது என்று தெரியாது. நாம் வைத்த எண்ணிலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திருத்துங்கள். திருத்தும்போது நேராகவும் சமமாகவும், ஒரே வேகத்தில் பறக்க வேண்டும். திரும்பும்போது திசைகாட்டியே தப்பாகக் காட்டும், அதை வைத்துத் திருத்தினால் அந்தத் தப்பும் கைரோவுக்குள் போய்விடும். டாக்ஃபைட் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. கவிழ்ந்து புரண்டதில் கைரோ எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.