மான் கொம்புக்குப் பதில் செம்புக் கம்பி: ஆத்தங்குடிக் கண்ணாடியில் அம்பு முனை செதுக்கும் முறை

கற்கால முறையில் அம்பு முனை செதுக்க மான் கொம்பின் நுனிதான் பேர்போன கருவி. கல்லைவிட மிருதுவானது என்பதால் கல்லின் விளிம்பு அதில் சற்றே பதிந்து வழுக்காமல் நிற்கும். அழுத்தினால் மெல்லிய செதில் உரிந்து வரும். ஆனால் நம்மூரில் அதைத் தேடி அலையாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; காட்டில் தானாக உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்துக்கொள்வதும் குற்றம். பழைய வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் கொம்பிலும் கை வைக்க வேண்டாம்.

மாட்டுக் கொம்பு ஆகாதா என்றால், ஆகாது. தமிழில் இரண்டும் கொம்புதான், பொருள் வேறு. மான் கொம்பு எலும்பு. விழுந்து விழுந்து முளைப்பது. மாட்டுக் கொம்பின் மேலோடு நம் நகம் மாதிரி. அழுத்தினால் வளைந்து கொடுத்துவிடும். மாட்டுக் கால் எலும்பு வேலை செய்யும், நுனிதான் சீக்கிரம் மழுங்கும். ஆகவே செம்பு. இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம், வழுக்கி விளிம்பை நொறுக்கும்.

எலெக்ட்ரிக்கல் கடையில் எர்த்திங்குக்கு விற்கும் எட்டாம் நம்பர் செம்புக் கம்பி, சுமார் 4 மி.மீ. கனம், 7 செ.மீ. நறுக்கிக்கொள்ளுங்கள். 15 செ.மீ. வேப்பங்கட்டையில் துளையிட்டு, 2.5 செ.மீ. வெளியே நீட்டியபடி எம்சீல் வைத்து இறுக்குங்கள். நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குவியுங்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். அரத்தால் மட்டும் ராவினால் நுனி மிருதுவாகவே இருக்கும்.

அடுத்து கல். செட்டிநாட்டுச் செம்புராங்கல் துளை நிறைந்தது, கருங்கல் பரல் பரலானது. இரண்டிலும் செதில் ஓடாது. வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) உள்விரிசல் அதிகம், புதியவரைச் சோதிக்கும். பழக ஏற்றது கண்ணாடி. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வார்ப்பதே கண்ணாடித் தகட்டின் மேல்தான், அந்த வழவழப்பு அதிலிருந்து வருவது. பட்டறையில் உடைந்த தகடு இருந்தால் கேட்டு வாங்கி, கண்ணாடிக் கடையில் 5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். கார் பக்கக் கண்ணாடி வேண்டாம், மணிமணியாகச் சிதறும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மடியில் தடித்த தோல், இடது உள்ளங்கையில் மடித்த சைக்கிள் டியூப் இல்லாமல் தொடங்காதீர்கள். திறந்தவெளியில் தார்ப்பாய் விரித்து, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். பிறகு கல்லுக்கு மாறும்போது முகக்கவசமும் கட்டாயம். கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

இனி விளிம்பு. பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். வெட்டிய கண்ணாடியின் விளிம்பு செங்குத்தாக இருக்கும். அதில் எவ்வளவு அழுத்தினாலும் செதில் வராது. சாணைக்கல் துண்டால் விளிம்பைக் கீழிருந்து மேலாக இழுத்து உரசுங்கள். மேல் முகத்தில் பொடிச் சில்லுகள் உதிர்ந்து சரிவு விழும், விளிம்பு கீழ் முகத்தை நோக்கி இறங்கும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: விளிம்புக் கோடு கனத்தின் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும். நடுவுக்கு மேலே இருந்தால் நொறுங்கும். அப்புறம் விளிம்பின் நீளவாக்கில் நாலைந்து தேய்ப்பு. பளபளப்பு போய் வெள்ளைக் கோடாக மங்கினால் போதும். கூராக விட்டால் செம்பு பட்டதும் பொடியாகிவிடும். ஒவ்வொரு வரிசைக்கு முன்பும் இந்தத் தேய்ப்பு உண்டு. நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

செதில் வரவேண்டிய முகம் கீழே இருக்க, கண்ணாடியை டியூப் மேல் வைத்து விரல்களால் பிடியுங்கள். இடது புறங்கையைத் தொடையின் உட்புறத்தில் ஊன்றுங்கள். செம்பு நுனியை விளிம்பில் வைத்து, முதலில் கண்ணாடியின் நடுவை நோக்கி உள்ளே தள்ளுங்கள். கைப்பலத்தால் அல்ல, உடம்பு சாய்ந்து. அழுத்தம் முழுதாக ஏறியபின் மணிக்கட்டைச் சற்றே கீழே திருப்புங்கள். ‘டிக்’ என்ற சத்தத்தோடு செதில் உள்ளங்கையில் விழும். எடுத்த எடுப்பில் கீழே அழுத்தினால் செதில் பாதியிலேயே நின்று படி மாதிரி முறியும். அடுத்த செதிலும் அந்தப் படியில் முட்டி நிற்கும்.

முதல் செதில் போன பள்ளத்துக்கு அருகே ஒரு வரப்பு நிற்கும். அடுத்த அழுத்தம் சுமார் 5 மி.மீ. தள்ளி, அந்த வரப்புக்கு நேராக. வரப்பைப் பிடித்துக்கொண்டு செதில் நீளமாக ஓடும். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்புங்கள், மறுபடி தேயுங்கள். நாலு சுற்றில் வடிவம் தெரியும். கூர்முனையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நுனி விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டென்று முறியும்.

சில்லுகளைத் தார்ப்பாயோடு சுருட்டி எடுங்கள். வயலிலோ ஊருணிக் கரையிலோ கொட்டக்கூடாது. காலில் குத்தும் என்பதோடு, அகழாய்வு நடந்த கீழடி இருக்கும் சிவகங்கை மாவட்டம் இது. நாளை நிஜக்கல்லில் செதுக்கப் போகும்போது உங்கள் செதிலுக்கும் பழஞ்செதிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். தொல்லியல் தலங்களிலிருந்து கல் பொறுக்குவதும் கூடாது. புதைத்தே ஆகவேண்டுமென்றால், பின்னாளில் தோண்டுபவருக்கு இது இந்தக் காலத்துச் செதில் என்று தெரியும்படி, குழியில் இந்த ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் போட்டு மூடுங்கள்.