உட்கார்ந்தே பழகிய உடம்பை அசைக்கத் தொடங்குவது எப்படி?

புது ஷூ வாங்கி, மூன்று நாள் நடந்துவிட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் ஒரு விஷயம். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். சும்மா கிடக்கும் தசைக்கு அதை உள்ளே விட, கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன் வந்து சொல்ல வேண்டும். வேலை செய்கிற தசையோ இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தானே இழுத்துக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டாவது வழி மூடியே கிடக்கும், இன்சுலின் பேச்சையும் தசை மெல்ல மெல்லக் கேட்காமல் போகும். கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சில வருடம் ஈடுகட்டும். அது தளரும்போதுதான் ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏறும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுவதும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும்.

படி 1: எண்ணுங்கள்
வழக்கமான ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். பயணம், சாப்பாடு, டிவி எல்லாம் சேர்த்து. அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள வேண்டாம்.

படி 2: அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்
என்னைக் கேட்டால், நடைப்பயிற்சிக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும். போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும் இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். இடமில்லையா? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். ஏழாவது முறை தொடை கனக்கும். உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன, அதனால் அந்தக் கனம் நல்ல அறிகுறி. முட்டி வலித்தால் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் நாற்காலியில் ஒட்டிக்கிடப்பவருக்கும் இந்தப் படி உண்டு.

படி 3: சாப்பிட்டபின் பத்து நிமிட நடை
சர்க்கரை ஏறுகிற நேரத்திலேயே தசைக்கு வேலை கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

படி 4: வாரம் 150 நிமிடம்
உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2002-இல் வெளியானது. அதில் இந்த 150 நிமிடத்தோடு எடையையும் கொஞ்சம் குறைக்க முயன்றவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையால் குறைந்தது 31 சதவீதம்தான்.

ஒருநாள் விட்டுப்போனால் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

படி 5: வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி
சுவரில் கை ஊன்றித் தள்ளுவதே தொடக்கத்துக்குப் போதும்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், சில மருந்துகளோடு நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நெஞ்சு வலியோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

அப்புறம், பத்தாம் நாளே எச்பிஏ1சி பார்த்து நொந்துகொள்ள வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.