புது ஜி.எம். எல்லாரும் பண்ற தப்புகள், முக்கியமா ஸ்க்ரீனுக்குப் பின்னாடி பண்றது

ஒரு டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டிக் கதையா ஆடுற ரோல்-பிளேயிங் கேம்ல, கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கறவர்தான் ஜி.எம்., ஸ்க்ரீன்னா தன் குறிப்பையும் டைஸையும் மறைக்க அவர் முன்னாடி நிறுத்திக்கிற அட்டை. சமீபமா புதுசா கேம் நடத்துறவங்க டேபிள்ல போய் உக்காந்து பாக்குறேன், நான் ஆரம்பத்துல பண்ண அதே கூத்தைத்தான் பண்ணிட்டு இருக்காங்க. ரூல் மறந்துபோறது, பேர் குழம்புறது எல்லாம் ஆட ஆட சரியாயிடும், அதை விடுங்க. தானா சரியாகாததை மட்டும் சொல்றேன். கணக்கெல்லாம் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5வது எடிஷன், 2014 புக் படி.

சண்டை நடுவுல ஹெச்.பி. ஏத்துறது

இதைப் பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. ஒரு டேபிள்ல நாலு பிளேயர், எதிர்ல ஓகர்ங்கற ராட்சசன் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு 59 ஹெச்.பி., அதாவது அவ்ளோ டேமேஜ் வாங்கினா விழுந்துடும். விஸார்டா, அதாவது மந்திரவாதியா ஆடுனவர் மிச்சமிருந்த ஒரே ஸ்பெல் ஸ்லாட்டை (ஒரு மந்திரம் போடற வாய்ப்பு) செலவு பண்ணாம, மத்தவங்க அடிக்கிற ஒவ்வொரு டேமேஜையும் பேப்பர்ல கூட்டிக்கிட்டே வந்தார். 38 ஆச்சு. "ஓகர் தள்ளாடுதா?"ன்னு கேட்டார், ஆமான்னதும் ஸ்லீப்ங்கற தூங்க வைக்கிற மந்திரத்தைப் போட்டார். அதுக்கு எட்டுமுக டைஸ் அஞ்சு உருட்டணும், வர்ற மொத்தத்துக்குள்ள அதோட மிச்ச ஹெச்.பி. அடங்கிட்டா தூங்கிடும். வந்தது 24, ஓகர்கிட்ட மிச்சம் 21. நம்ம ஜி.எம். தம்பி ஸ்க்ரீனுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டு "தூங்கல"ன்னுட்டார். அப்புறம் தனியா கேட்டா, "இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சா சப்புனு போயிடும்ணா, அதான் 80 ஆக்கிட்டேன்"ங்கறார்.

அடுத்த செஷன்ல அந்த விஸார்ட் பேப்பரே எடுக்கல. மொத ரவுண்டுலயே இருக்கிற ஸ்பெல்லை எல்லாம் போட்டுட்டு ஃபோன் பாக்க ஆரம்பிச்சுட்டார். யோசிச்சு ஆடுனாலும் கண்ணை மூடிக்கிட்டு ஆடுனாலும் ஜி.எம். நினைக்கிறப்பதான் சண்டை முடியும்னா அவர் எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்?

ஓகரோட ஹெச்.பி.யை டைஸ் உருட்டியும் எடுக்கலாம், 28ல இருந்து 91 வரைக்கும் வரும், அப்ப 80 வெச்சா என்னன்னு கேப்பீங்க. தாராளமா வைங்க, ஆனா மொத அம்பு பறக்கறதுக்கு முன்னாடி வைங்க. பாவம்னு நடுவுல குறைக்கறதும் இதே தப்புதான்.

கஷ்டமா இருக்கணும்னா ஹெச்.பி. ஏத்தி ஒண்ணும் ஆகாது. நாலு பேர் நாலு டர்ன் எடுக்கறப்ப ஓகருக்கு ஒரே டர்ன், அங்கதான் சண்டை சப்புனு ஆகுது. ஆளுக்கு 7 ஹெச்.பி. இருக்கிற கோப்ளின் ரெண்டைக் கூட நிறுத்துங்க, இல்ல ஓகர் ஒரு கைதியை இழுத்துக்கிட்டு ஓடுற மாதிரி வைங்க, துரத்தறதா அடிக்கறதான்னு அவங்களே முழிப்பாங்க. மூணாவது ரவுண்டுல கூடுதல் ஆள் வரணுமா, மொத ரவுண்டுலயே கொம்பு ஊதுற சத்தம் கேக்கட்டும். இன்னொண்ணு, ஓகர் ஒரு அடி அடிச்சா சராசரியா 13 போகும், லெவல் 1 விஸார்டுக்கு 7, 8தான் இருக்கும். சும்மா ரெண்டு ரவுண்டு நீட்டறேன்னு நீங்க நினைக்கறது அங்க ஒரு கேரக்டரோட உயிர்.

டைஸை எல்லார் முன்னாடியும் உருட்டிப் பழகுங்க. அப்ப மாத்தணும்னு கை அரிக்காது.

உங்க என்.பி.சி. (பிளேயர் இல்லாம ஜி.எம். ஆட்டுவிக்கிற கேரக்டர்) வந்து காப்பாத்துறது

வேண்டாம்.

கதையே ஒரு டைஸ் ரோல்ல தொங்குறது

ரகசியக் கதவைக் கண்டுபிடிக்க டைஸும் கேரக்டரோட திறமைக்கான போனஸும் சேர்ந்து 15 வேணும், பிளேயருக்கு அந்த போனஸ் +3 இருக்குன்னு வைங்க, இருபதுமுக டைஸ்ல 12ஓ அதுக்கு மேலயோ விழணும், அதாவது 45 சதவீதம்தான். விழலைன்னா எல்லாரும் சுவத்தைத் தடவிக்கிட்டு நிப்பாங்க. அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் கதை இருக்குன்னா ரோலே கேக்காதீங்க, இல்லைன்னா தோத்தாலும் கதவு திறக்கட்டும், ஆனா உள்ள இருக்கறவனுக்குச் சத்தம் கேட்டுடுச்சுன்னு வைங்க.

ஆளாளுக்கு உருட்டச் சொல்றது

பதுங்கிப் போறப்ப நாலு பேரையும் தனித்தனியா உருட்ட வெச்சு, ஒருத்தர் சொதப்பினாலும் மாட்டிக்கிட்டீங்கங்கறது. ஆளுக்கு 70 சதவீதம் வாய்ப்பு இருந்தாலும் நாலு பேரும் சேர்ந்து தப்பிக்க வெறும் 24 சதவீதம்தான், பெரும்பாலும் மாட்டப்போறது உருட்டறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. புக்லயே க்ரூப் செக் இருக்கு, பாதிப் பேராவது தேறிட்டா மொத்த டீமும் தாண்டிடும்.