நொறுங்கி வந்த லேப்டாப்: வேலைக்கு எடுக்கலாமா, திருப்பிக் கொடுக்கலாமா?

லேப்டாப் சர்வீஸ் பழகுகிறவர்களுக்கு எப்படிச் சரிசெய்வது என்று காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதைத் தொடவே கூடாது என்று சொல்கிறவர்கள்தான் குறைவு. கடையில் நஷ்டம் வருவது பெரும்பாலும் அங்கேதான். செத்த மதர்போர்டோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, கஸ்டமர் வந்து "இவ்வளவு காசுக்கு வேற ஒண்ணு வாங்கிடலாமே தம்பி" என்று எழுந்து போனால் உழைப்புக்கும் கூலி இல்லை, வாங்கிவைத்த பாகத்துக்கும் காசு இல்லை.

நான் மன்னார்குடியில் கடை வைத்திருக்கிறேன். உரக்கடை, ரைஸ்மில், ஜெராக்ஸ் கடை, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாப் பக்கமிருந்தும் மிஷின்கள் வரும். மோசமாக அடிபட்டு வருவதை நான் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். திரை சுக்குநூறாகி, மூடி கழன்று தொங்குகிற மிஷின் ஒரே நாளில் எழுந்துவிடும். கீறல்கூட இல்லாத இன்னொன்று உள்ளே அரிப்பில் பச்சை பூத்து மீளாமல் கிடக்கும். எதுவானாலும் போர்டு சொல்வதுதான் முடிவு.

படி 1: ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் பேசுங்கள்

என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, அதற்கப்புறம் சார்ஜ் போட்டுப் பார்த்தீர்களா, வேறு யாராவது திறந்தார்களா. இந்த நான்கையும் கேளுங்கள். "தானா ஆஃப் ஆயிடுச்சுண்ணே" என்பதுதான் பொதுவாக வரும் பதில். சாடாமல், கீபோர்டைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். காபி வாசம் பொய் சொல்லாது. தண்ணீர் பட்ட பிறகும் சார்ஜரைச் செருகி ஆன் செய்து பார்த்தார்களா என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. ஈரத்தோடு மின்சாரமும் ஓடினால்தான் செம்பு வேகமாக அரிக்கும். நனைந்ததும் ஆஃப் செய்து எடுத்து வந்த மிஷினுக்கு வாய்ப்பு எவ்வளவோ அதிகம்.

சிலர் அரிசி மூட்டைக்குள் புதைத்துவைத்து எடுத்து வருவார்கள். நம் பக்கம் அரிசிக்குப் பஞ்சமா என்ன. அரிசியால் போர்டில் தங்கிய உப்பையும் சர்க்கரையையும் எடுக்க முடியாது. சார்ஜிங் பின்னுக்குள் தவிடு போனதுதான் மிச்சம். போன நேரத்தில் அரிப்பு இன்னும் ஏறியிருக்கும்.

அடுத்து, "மிஷின் வேணுமா, உள்ளே இருக்கிறது வேணுமா?" என்று கேளுங்கள். கணக்கே இந்தக் கேள்வியால் மாறிவிடும். உரக்கடைக்காரருக்கு டேலியில் இருக்கும் கடன் கணக்குதான் உயிர். லேப்டாப் போனால் போகட்டும், யார் எவ்வளவு பாக்கி என்பது வந்தால் போதும் என்பார். எஸ்எஸ்டி (ஃபைல்கள் இருக்கும் பாகம்) தனியாகக் கழற்றும் மாடலாக இருந்தால் அவருடைய வேலை அதை யுஎஸ்பி கேஸில் போட்டுப் படிப்பதோடு முடிந்துவிடும். போர்டை நீங்கள் தொடவே வேண்டாம்.

வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடியில் உள்ள சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் தெரியும். விபத்துச் சேதத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு எடுத்திருந்தால் நீங்கள் திறக்காமல் அனுப்பிவைப்பதுதான் அவருக்கு நல்லது.

பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்பதை முன்னாலேயே சொல்லி, ஜாப் ஷீட்டில் எழுதிவிடுங்கள். சரியானாலும் ஆகாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த உடைசல் உங்கள் தலையில் விழாது.

படி 2: திறந்ததும் பேட்டரி

அடி மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விலக்குவது. காசு வடிவ சின்ன பேட்டரி இருந்தால் அதையும் எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக எடுத்து, காய்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவில் கடைக்கு வெளியே வையுங்கள். இது மட்டும் பேரத்துக்கே இடமில்லாத விஷயம்.

படி 3: கண்ணால் பார்ப்பது

இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். நல்ல வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். நம் பக்கத்தில் போர்டுகள் சாகும் விதத்துக்குத் தனி முகம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் வருவது மழை. ஓட்டு வீட்டில் ஒழுகியது, பைக்கில் பையோடு நனைந்தது என்று இந்த இரண்டு மாதமும் வரிசை கட்டும். மழைத் தண்ணீர் கொஞ்சம் இரக்கமுள்ளது. சீக்கிரம் பிரித்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் நிறைய தேறும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி அப்படியல்ல, பிசின் மாதிரி பின்களுக்கு இடையே உட்காரும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து மிஷின்களில் தண்ணீரே படாமல்கூட உப்புக்காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும், யுஎஸ்பி போர்ட் மங்கியிருக்கும். கடல்தண்ணீரே உள்ளே போய், அதற்குப் பிறகு ஒரு வாரம் கழிந்திருந்தால் நான் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

ரைஸ்மில் மிஷினில் ஃபேன் முழுக்க உமித்தூசி. அது சேதமே இல்லை. சுத்தம் செய்து, ப்ராசஸர் மேல் தடவிய சூடு கடத்தும் பேஸ்ட்டை மாற்றினால் சரி. அறுவடை முடிந்ததும் எலி வீட்டுக்குள் வரும். ஒயரைக் கடித்தால் கேபிள் மாற்றலாம். வெப்பக்காற்று வரும் வழியாக மூத்திரம் இறங்கியிருந்தால் அது போர்டின் தடங்களைத் தின்றுவிடும். ஃபேன் ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி, கூடவே ஒரு நெடி இருந்தால் எலிதான். பல்லியும் உண்டு. போர்டில் கருகிக் கிடக்கும் பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு அடியில் எந்த பாகம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இடி மின்னலில் போனது என்றால் லேன் கேபிள் செருகியிருந்ததா என்று கேளுங்கள். அந்த வழியாக வந்திருந்தால் லேன் போர்ட் பக்கத்துச் சிப்பில் ஓட்டை விழுந்திருக்கும். அது மட்டும் போனால் பிழைக்கலாம். அங்கிருந்து உள்ளே போயிருந்தால் கஷ்டம்.

அரிப்பு எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. கீபோர்டு கனெக்டர், ஸ்பீக்கர் பின், போர்டின் ஓரம் என்றால் வேலை செய்யலாம். ப்ராசஸர், சிப்செட் மாதிரி பெரிய சிப்புகளின் அடியில் பச்சை எட்டிப் பார்த்தால் பழகுகிறவர் விலகிக்கொள்ளுங்கள். விழுந்த மிஷின் என்றால் ஹின்ஜ் (மூடியின் கீல்) அருகிலும் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியும் விரிசல் தேடுங்கள். போர்டைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். போர்டு பல அடுக்குகள் கொண்டது. மேலே ஒரு கோடு தெரிந்தால் உள்ளே எத்தனை தடம் அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. விரிசல் விட்ட போர்டை நான் எடுப்பதில்லை.

படி 4: ஆம்பியர் பார்ப்பது

டிசி பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். மல்டிமீட்டருக்கு அடுத்த முதலீடு அதுதான். சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட்டை வையுங்கள், வழக்கமாக 19, 19.5 அல்லது 20. கரண்ட் லிமிட் 1 ஆம்பியரில் தொடங்குங்கள். பேட்டரி இல்லாமல் செருகி, எண்ணைக் கவனியுங்கள்.

0.00 என்று அசையாமல் நின்றால் மின்சாரம் உள்ளேயே போகவில்லை. சார்ஜிங் பின், ஃப்யூஸ், நுழைவில் உள்ள மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச் பாகம்) இவற்றில் ஒன்று. பெரும்பாலும் மலிவான கோளாறு. 0.02, 0.03 என்று சும்மா நின்று, ஸ்விட்சை அழுத்தியதும் ஏறி இறங்கி ஆடினால் போர்டு உயிரோடு இருக்கிறது. இப்போது எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள், படம் வந்தால் பாதி வேலை முடிந்தது. செருகிய உடனே வோல்ட் சரிந்து கரண்ட் லிமிட்டில் முட்டினால் ஷார்ட், அதாவது மின்சாரம் கிரவுண்டுக்கு (போர்டின் பொது மைனஸ்) நேராகப் பாய்கிறது. ஸ்விட்சை அழுத்தியதும் கொஞ்சம் ஏறி உடனே விழுந்து, மறுபடி ஏறி விழுந்தால் போர்டில் ஏதோ ஒரு வோல்ட் லைன் எழும்பவில்லை என்று பொருள். அதற்கு நேரம் பிடிக்கும்.

டைப்-சி சார்ஜ் மிஷினுக்கு இந்த சப்ளை சரிப்படாது. சின்ன டைப்-சி மீட்டரைச் சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே போடுங்கள். 5 வோல்ட்டிலேயே நின்றால், எத்தனை வோல்ட் வேண்டும் என்று சார்ஜரும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளவில்லை. 20-க்குப் போனால் முதல் வாசலைத் தாண்டிவிட்டது.

படி 5: ஷார்ட் எங்கே

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து கருப்பு முனையைக் கிரவுண்டில் பிடியுங்கள். சிவப்பை ஒவ்வொரு காயிலாக (ஒவ்வொரு வோல்ட் லைனிலும் உள்ள சதுரமான பாகம்) வையுங்கள். ப்ராசஸரை ஒட்டிய பெரிய காயில்களில் சில ஓம்ஸ், அதற்கும் குறைவாகக்கூடக் காட்டும். மீட்டர் பீப் போட்டதும் ஷார்ட் என்று பதறாதீர்கள், அங்கே அதுதான் இயல்பு. 3 வோல்ட், 5 வோல்ட் காயில்களில் அப்படிக் காட்டினால்தான் கோளாறு.

சார்ஜர் வோல்ட் ஓடும் மெயின் லைன் ஷார்ட் என்றால் இன்னும் ஒன்றைச் சரிபாருங்கள். மெயின் லைனுக்கும் ப்ராசஸர் காயிலுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியே இருந்தால், இரண்டுக்கும் நடுவே பழுதான மேல் மாஸ்ஃபெட் வழியாக 19 வோல்ட் நேராக ப்ராசஸருக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். சுமார் ஒரு வோல்ட்டில் வாழும் சிப் அதைத் தாங்காது. இங்கே நிறுத்துங்கள். இரண்டும் ஒட்டாமல், மெயின் லைன் மட்டும் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் பலமுறை ஒரே ஒரு செராமிக் கப்பாசிட்டர்தான் குற்றவாளியாக இருக்கும். சப்ளையை ஒரு வோல்ட்டில் வைத்து அந்த லைனில் கொடுத்து, போர்டில் ஆல்கஹால் தடவினால் சூடாகும் இடம் முதலில் காயும். கப்பாசிட்டரின் விலை சில்லறைக் காசு, வாங்குகிற கூலி அறிவுக்கு.

கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடேற்றி எழுப்பித் தருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. எழும், சில வாரத்தில் மறுபடி படுக்கும். கஸ்டமர் அப்போது உங்களிடம்தான் வருவார்.

படி 6: கணக்கு

போர்டு தேறும் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் படி. மாற்ற வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். திரை, ஹின்ஜ், மூடி, கீபோர்டு, பேட்டரி. திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரையும் 30 பின்னா 40 பின்னா என்பதையும் பார்த்துத்தான் விலை கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லும் விலையோடு பார்சல் செலவையும் சேருங்கள். சில மாடலில் கீபோர்டு மேல் மூடியோடு ரிவிட் அடித்திருக்கும், அப்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் விலை.

பிறகு அதே மாடல், அதே நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்கு ஓடுகிறது என்று பாருங்கள். என் கணக்கு இது: மொத்தச் செலவு அதில் 40 சதவீதத்துக்குள் என்றால் செய்யலாம். 40-க்கும் 60-க்கும் நடுவே என்றால் கஸ்டமர் முடிவு. அதற்கு மேல் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்று, நல்ல நிலையில் 16,000-க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். திரை 4,500, ஹின்ஜும் பின்மூடியும் 2,200, கீபோர்டு 900, கூலி 1,000. மொத்தம் 8,600. பாதிக்கும் மேல். ஆனால் கொண்டுவந்தவர் கடையில் ஒரே மேசையில் வைத்துப் பில் போடுகிறவர் என்றால், பழைய மானிட்டரும் கீபோர்டும் செருகிக் கொடுத்துவிடலாம், திரைச் செலவே இல்லை. கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பெண்ணுக்கு இது உதவாது. ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி இடம். அதற்கு முந்தைய மிஷினில் பெரிய தொகை போடச் சொல்ல எனக்கு மனசு வராது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. சார்ஜிங் பின் மாதிரிச் சின்ன வேலை என்றால் செய்து கொடுங்கள், போர்டு வேலை என்றால் வேண்டாம்.

போர்டையே மாற்றுவது என்று முடிவானால், அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) பற்றிக் கேளுங்கள். அது போட்டிருந்தால், போர்டு மாறியதும் பழைய எஸ்எஸ்டி 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். கஸ்டமரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சாவி இல்லை என்றால் டேட்டாவும் இல்லை. எஸ்எஸ்டி போர்டிலேயே பற்றவைத்த மாடல்களில் போர்டு எழுந்தால்தான் டேட்டா. அங்கே மட்டும் சதவீதக் கணக்கை ஓரம் வைத்துவிட்டு, அந்த ஃபைல்கள் அவருக்கு எவ்வளவு பெறும் என்று கேளுங்கள்.

படி 7: சொல்வது

இரண்டு தொகை சொல்லுங்கள்: இது ஆகும், இதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்பேன். ஒரே தொகையில் உறுதி கொடுக்காதீர்கள். நனைந்த போர்டுக்கு வாரண்டி கிடையாது என்பதையும் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேண்டாம் என்று முடிவானால் பிரித்ததை எல்லாம் சேர்த்து, ஸ்க்ரூ உட்பட, மூடித் திருப்பிக் கொடுங்கள். "நீயே வெச்சுக்க தம்பி" என்று விட்டுப் போனால் முதலில் எஸ்எஸ்டியையோ ஹார்ட் டிஸ்க்கையோ கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ரேம், வைஃபை கார்டு, ஃபேன், நல்ல திரை எல்லாம் அடுத்த மிஷினுக்கு உதவும். மிச்சமுள்ள போர்டையும் பேட்டரியையும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவுக்காரரிடம் சேர்த்துவையுங்கள். வாய்க்கால் ஓரத்தில் போட்டு எரிக்கிற ஆட்களிடம் எடை போட்டுக் கொடுக்காதீர்கள்.