கோவில் திருவிழா பேனர்: எழுத்து சிதையாமல் அச்சாக

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் திருவிழா நெருங்கினால் வடிவமைப்பாளரிடம் முதலில் வருவது பேனர் வேலைதான். அதில் அதிகம் கெடுவது தமிழ் எழுத்து. இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வடிவமைப்பு மென்பொருளில் 'தேர்' என்று தட்டினால் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து, பாராகிராஃப் பேனலில் சவுத் ஏசியன் கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன், எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றும் 'கிரியேட் அவுட்லைன்ஸ்' கட்டாயம். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் பெயர்கள் வெறும் கட்டங்களாக வரும். ஆனால் மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். உபயக்காரர் பெயர்கள் கடைசி நாள்வரை மாறும், அவுட்லைன் ஆனதைத் தட்டித் திருத்த முடியாது.

10க்கு 4 அடி பேனருக்கு 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி) போதும்: 12,000க்கு 4,800 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த அம்மன் படம் அதற்குத் தாங்காது, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தில் 3 அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். கயிறு கட்டும் வளையம் அங்கேதான் அடிப்பார்கள்.

நிறத்துக்கு வீட்டுப் பூஜையறையே நல்ல வழிகாட்டி. குங்குமச் சிவப்பின்மேல் மஞ்சள் எழுத்து தூரத்திலும் தெரியும், வெள்ளைமேல் மஞ்சள் தெரியாது. கடைசியாக, ஏ4 தாளில் அகலவாக்கில் முழுதாக அச்சிட்டு சுவரில் ஒட்டி, 6 அடி தள்ளி நின்று வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். 60 அடி தள்ளியுள்ள சாலையிலிருந்து பேனரைப் பார்ப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான்.