கல்லூரிக் கட்டுமானம்: சம்பளப் பட்டியலில் கோட்டை விடும் இடங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் கம்யூனிட்டி காலேஜ் மாவட்டம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒன்பது அரசுக் கல்லூரிகளை நடத்தும் அமைப்பு. புதுக் கட்டடம் எழுப்பவும் பழையதைச் சீரமைக்கவும் 2001, 2003, 2008, 2016, 2022 என ஐந்து தடவை அங்குள்ள வாக்காளர்கள் கடன்பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்தால் 1,400 கோடி டாலரைத் தாண்டும். சொத்து வரியிலிருந்து அடைபடும் கடன் என்பதால் ஊர்க்காரர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். அந்த வேலை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததா? சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் யார் பணம் கொடுப்பது?

முதல் கேள்வி உள்ளூர் ஆள் சேர்ப்பைப் பற்றியது, அடுத்தது காப்பீட்டைப் பற்றியது. பெரும்பாலும் இவற்றை வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். முதல் தவறு அதுதான். உள்ளூர்க்காரர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பதும், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு எவ்வளவு பிரீமியம் என்பதும் கடைசியில் ஒரே சம்பளப் பட்டியலிலிருந்துதான் வருகின்றன. அரசுக்குப் போகும் பட்டியலில் ஒரு கணக்கு, காப்பீட்டுக்காரருக்குப் போவதில் வேறு கணக்கு என்றால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வீர்கள். டாலர் தொகை கொஞ்சம் வேறுபடலாம். ஓவர்டைமுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் அரைப் பங்கைப் பிரீமியக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. மணிக்கணக்கு மட்டும் மாறக் கூடாது.

கட்டட உரிமையாளரே எல்லா காண்ட்ராக்டர்களுக்கும் சேர்த்து எடுக்கும் கூட்டுப் பாலிசியை அங்கே ஓசிப் (OCIP) என்பார்கள். பேரில் ஓசி இருக்கிறதே தவிர, ஓசியில் வருவதில்லை. காப்பீட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தான் டெண்டர் தொகை போட வேண்டும். சப்-காண்ட்ராக்டர் பழைய பழக்கத்தில் அதையும் சேர்த்துவிட்டால் மாவட்டம் ஒரே காப்பீட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறது. கவனிக்காமல் விட்டால் அதுவே ஒவ்வொரு கூடுதல் வேலை பில்லிலும் தொடரும்.

வேலை கிடைத்ததுமே பாலிசிக்குள் வந்துவிட்டோம் என்று நினைப்பதும் தப்பு. ஒவ்வொரு நிறுவனமும் தளத்தில் கால் வைப்பதற்கு முன் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் அடுக்கு சப்-காண்ட்ராக்டர்கள் இதைச் சரியாகச் செய்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீழே இரண்டு நாள் வேலைக்கு வரும் சின்ன நிறுவனம்தான் விட்டுப்போகும், விபத்தும் அங்கேதான் நடந்து தொலைக்கும். அப்புறம், வண்டிகள், சொந்தக் கருவிகள், தளத்துக்கு வெளியே பட்டறையில் நடக்கும் வேலை, பொருள் இறக்கிவிட்டுப் போகும் சப்ளையர் ஆகியவை பொதுவாக இந்தக் கூட்டுப் பாலிசியில் அடங்காது. அவற்றுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

அந்தத் தனிப் பாலிசிக்கு ஒரு பக்கச் சான்றிதழ் அனுப்புவார்கள். அதை வாங்கிக் கோப்பில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்தச் சான்றிதழ் உங்களுக்கு எந்த உரிமையும் தராது என்று அந்தத் தாளின் மேற்பகுதியிலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. கல்லூரி மாவட்டத்தையும் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த இணைப்புப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் வேலை நடக்கும் காலத்துக்கு ஒன்று, முடிந்த பிறகு வரும் சேதத்துக்கு இன்னொன்று என இரண்டு உண்டு. கலிபோர்னியாவில் மறைந்திருக்கும் கட்டுமானக் குறைக்கு, வேலை முடிந்து 10 ஆண்டு வரை வழக்குப் போடலாம். இரண்டாவது பத்திரம் இல்லாவிட்டால் அந்த நீண்ட காலம் முழுக்க நீங்கள் வெறுங்கையோடு நிற்பீர்கள்.

சரி, ஆள் சேர்ப்புக்கு வருவோம். இனம், பாலினம் பார்த்து அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை தர 1996-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் முன்மொழிவு என்ற சட்டம் தடை போட்டது. எனவே உள்ளூர் ஆட்களுக்கு இத்தனை சதவீத வேலை என்ற இலக்கை முகவரியை, அதாவது ஜிப் கோடை, வைத்து நிர்ணயிக்கிறார்கள். இங்கே நடக்கும் பெரிய பிழை, தலையை எண்ணுவது. நூறு பேரில் முப்பது பேர் உள்ளூர் என்று காட்டுவார்கள். அந்த முப்பது பேரும் ஒரு வாரம் குப்பை அள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். எண்ண வேண்டியது வேலை மணி.

அதையும் தாமதமாக எண்ணினால் பயனில்லை. எடுத்துக்காட்டாக, மொத்தம் 1,00,000 மணி, இலக்கு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை முடியும்போது உள்ளூர்க் கணக்கு 8,000 மணிதான் என்றால், மீதி 50,000 மணியில் 22,000 மணி, அதாவது 44 சதவீதம், உள்ளூர்க்காரர்கள் செய்தாக வேண்டும். கான்கிரீட், இரும்பு வேலை முடிந்து லிஃப்ட், கண்ணாடி போன்ற சிறப்பு வேலைகள் வரும் நேரத்தில் அது நடக்கிற காரியமா?

யூனியன் ஒப்பந்தம் உள்ள திட்டத்தில் ஆட்கள் யூனியன் அலுவலகப் பட்டியல் வழியாக வருவார்கள். உள்ளூர் ஆள் வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டால் போதாது. ஜிப் கோடைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டு, ஆள் இல்லை என்ற பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். இலக்கு தவறினால் உங்கள் முயற்சிக்கு அதுதான் சாட்சி.

வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கும் பயிற்சித் தொழிலாளர் விஷயத்தில் கலிபோர்னியாச் சட்டம் தெளிவாக இருக்கிறது. தேர்ந்த தொழிலாளியின் ஐந்து மணி வேலைக்குப் பயிற்சித் தொழிலாளருக்கு ஒரு மணியாவது கொடுக்க வேண்டும். அவர்களைக் கேட்கும் வேண்டுகோளை 72 மணி நேரம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கில் வார இறுதியும் விடுமுறையும் சேராது. திங்கட்கிழமை ஆள் வேண்டுமென்று வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தின் டிரேட்-டெக் கல்லூரி 1925-இல் தொடங்கியது, கட்டுமானத் தொழில்களைக் கற்றுத் தருகிறது. ஆனால் அங்கே படிக்கும் மாணவர், வகுப்பறைக்கு எதிரே கட்டடம் எழும்பினாலும் நேரே போய்ப் பயிற்சித் தொழிலாளராக வேலைக்குச் சேர முடியாது. முதலில் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும். சில திட்டங்கள் வருடத்தில் குறிப்பிட்ட மாதங்களில்தான் ஆள் எடுக்கும். அந்த மாதங்களைப் பார்க்காமல் டெண்டர் தேதி குறித்தால், அந்த மாணவர் படிப்பை முடித்து வரும்போது கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள்.